ஜீனோம் என்னும் பனுவலும் பதினொன்றாம் பொருத்தமும்

சுமார் முன்னூறு கோடி எழுத்துக்கள் கொண்ட பனுவல் என்றுதான் மரபியலாளர்களே ஜீனோமைச் சொல்கிறார்கள். பனுவல் என்றால் வாசிப்பும் உண்டு, வாசிப்பவர் ஒப்புநோக்க ஒரு நூலகமும் உண்டு. அந்த நூலகத்தில் யாருடைய உடல்கள் அடுக்கப்பட்டுள்ளன?

வலிப்போ தசைத் தளர்ச்சியோ உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் முண்டியம்பாக்கம், ஜிப்மர், எழும்பூர் என்று அலைபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோயின் பெயர் தெரிந்தாலே பாதி அலைச்சல் நிற்கும். சிலவற்றுக்கு மருந்துண்டு; அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே சோதிக்கலாம். ஆகவே, அறிவியலும் ஒரு அதிகாரச் சொல்லாடல்தானே என்று ஒரே வரியில் கைகழுவும் நண்பர்களோடு எனக்கு ஒட்டாது.

ஆனால் அறிக்கையில் பல சமயம் 'பொருள் உறுதிப்படாத மாறுபாடு' என்றே வருகிறது. ஒப்பிடும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம்மூர்ப் புள்ளையின் எழுத்து அச்சுப்பிழையா, வட்டார வழக்கா என்று சொல்ல அங்கே ஆளில்லை. 'ஜீனோம் இந்தியா' 2025 ஜனவரியில் சுமார் 10,000 பேரின் தரவுகளை வெளியிட்டது. இடைவெளி கொஞ்சம் குறையலாம். 83 'மக்கள் குழுக்கள்' என்கிறார்கள். பழங்குடிகள் போக, மிச்சத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஊரில் என்ன பேர் என்று நமக்குத் தெரியாதா?

'சொந்தத்துல கட்டுனீங்களா?' டாக்டரின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். ஒடுங்கு நோயில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வரவேண்டும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வீடு திரும்புவதற்குள் அது 'அவ வயித்துக் கோளாறு' ஆகிவிடுகிறது.

சொந்தம் எதுவரை என்பதுதான் விஷயம். ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலானோர் 2017இல் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தார்கள். சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணந்துவந்த தடம், 81 குழுக்களில் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட அழுத்தமாக இருந்தது. அதாவது மாமன் மகளை விட்டு முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டினாலும், அக்குழுக்களில் அது தூரத்துச் சொந்தம்தான். அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் கொலம்பியாவில் கட்டுரை வாசித்தது 1916இல். மரபியல் ஆலோசனையோ மாமன் மகளோடு நின்றுகொள்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. நியூயார்க்கின் ஆசார யூதர்களிடையே 1980களில் தொடங்கிய 'டோர் யெஷோரிம்', ஒரே பழுதைச் சுமக்கும் இருவரைக் கல்யாணத்துக்கு முன்பே விலக்கிவிடுகிறது. டே-சாக்ஸ் நோய் வெகுவாகக் குறைந்தது. அகமணத்துக்கு ஒரு கீறலும் இல்லை. பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாக ஜீன் பொருத்தத்தையும் சேர்த்துக்கொள்ள நம்மூர்த் தரகர்களுக்கு ரொம்ப நாள் ஆகாது.