டைம் ஆபீஸோடு நின்றுபோகும் படிகள்

மாதம் பிறந்தால் வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, சம்பளம். 15-ஆம் தேதிக்குள் பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும் கட்டியாக வேண்டும். நடுவே புதிதாகச் சேர்பவர்களின் கோப்பு, விலகுபவர்களின் செட்டில்மென்ட், கேன்டீன் புகார், பஸ் ரூட். ஒரகடத்திலோ ஓசூரிலோ ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் எட்டு ஆண்டுகள் இப்படி உழைத்தவர் எச்.ஆர். மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "உங்களுக்கு ஆபரேஷன்ஸ் அனுபவம்தான் இருக்கிறது. எங்களுக்கு பிசினஸ் பார்ட்னர் வேண்டும்."

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1997-இல் வெளியிட்ட நூலில் மனிதவளத் துறைக்கு நான்கு பொறுப்புகளை வகுத்தார். அவற்றுள் நிர்வாக வல்லுநர் என்பதும் ஒன்று; மற்ற மூன்றுக்கும் அது தாழ்ந்ததென்று அவர் சொல்லவில்லை. அவர் கருத்துகளை ஒட்டிப் பெரிய நிறுவனங்கள் துறையை மூன்றாகப் பிரித்தன. சம்பளம், பதிவேடு போன்றவை ஒரு பொது மையத்துக்குப் போயின; ஊதியக் கொள்கை, பயிற்சி போன்றவை நிபுணர்களிடம் போயின; உற்பத்தி மேலாளரோடு உட்கார்ந்து முடிவெடுக்க பிசினஸ் பார்ட்னர் வந்தார். நடைமுறையில் இந்த மூன்றும் மூன்று மாடிகளாகிவிட்டன. கீழ்மாடியிலிருந்து மேலே போகப் படி கட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டின் பயனை மறுக்க முடியாது. ஓசூரிலும் பெங்களூரிலும் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தொழில்வரி விதியே இடத்துக்கு இடம் மாறுகிறது. இங்கே உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அங்கே மாநில அரசுக்கு மாதாமாதம். இதையெல்லாம் ஓரிடத்தில் தேர்ந்தவர்கள் பார்த்தால் பிழை குறையும். தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் இருப்பவர் பாதியில் எழுந்து வந்து சம்பளச் சீட்டைத் திருத்த வேண்டியதில்லை.

தவறு வேறிடத்தில் நடக்கிறது. கீழ்மாடியில் சேரும் அறிவை வெறும் எழுத்தர் வேலையாக மதிப்பிடுகிறார்கள். ஓர் உதாரணம். ஈஎஸ்ஐ திட்டத்தின் ஊதிய வரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்பை ஒட்டிச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குச் சில நூறு ரூபாய் ஊதிய உயர்வு கொடுத்தால், அந்த அரையாண்டுப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் திட்டத்திலிருந்து வெளியேறுகிறார். சில மாதங்களில் அவர் குடும்பத்தின் மருத்துவ வசதியும் நின்றுபோகிறது. வயதான பெற்றோரை ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவருக்கு அந்த உயர்வு உண்மையில் இழப்பு. ஊதிய உயர்வைத் திட்டமிடும் அறையில் இதைச் சொல்லத் தெரிந்தவர் டைம் ஆபீஸ்காரர். அவரை அந்த அறைக்கு யாரும் அழைப்பதில்லை.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால், பிஎஃப் கணக்கில் அப்பா பெயர் முழுதாக. பெயர் ஒத்துப்போகாமல் பணம் எடுக்க முடியாதவர்களுக்குப் படிவம் நிரப்பி, மறுபடி மறுபடி அனுப்பி முடித்துக் கொடுப்பவர்கள் இந்த அலுவலர்கள். மகள் கல்யாணத்துக்குப் பணம் கைக்கு வந்த தொழிலாளி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அவர்களை மறக்கமாட்டார். அந்த நம்பிக்கையை எந்த எம்.பி.ஏ. படிப்பும் தராது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் எக்செல் அட்டவணையை அனுப்பிவிட்டு, "என் வேலை முடிந்தது" என்று இருந்துவிடுபவர்களும் பலர். ஒரு லைனில் மட்டும் திங்கட்கிழமை விடுப்பு ஏறுகிறது, ஒரு சூப்பர்வைசரின் கீழ் மட்டும் ஆட்கள் ஆறு மாதத்தில் விலகுகிறார்கள், ஓவர்டைம் செலவு புதிதாக ஆள் எடுக்கும் செலவைத் தாண்டிவிட்டது. இவை எல்லாம் அவர்கள் கையில் இருக்கும் பதிவேட்டில்தான் கிடக்கின்றன. அதைப் படித்துக் காரணம் தேடாதவருக்கு மேலே அழைப்பு வராததில் அவர் பங்கும் இருக்கிறது. ஆனால் லைனுக்குப் போய்ப் பார்க்க நேரமும் கேள்வி கேட்க அதிகாரமும் கொடுக்காமல், இந்தக் குறையை முழுவதும் அவர் தலையில் சுமத்துவது நியாயமல்ல.

இந்தத் தொழில் நம் நாட்டில் வேரூன்றிய விதமும் வேறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலரை நியமிக்கச் சொன்னது. 1952-இல் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது. அந்த மரபில் வந்த அலுவலருக்குத் தொழிலாளியின் குறையும் கோப்பும் பேச்சுவார்த்தையும் சேர்ந்ததே ஒரு வேலை. நாம் பிறகு அதைத் துண்டாக்கினோம்.

மனிதவளத் தலைவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை பிசினஸ் பார்ட்னர் இடம் காலியானால், வெளியே விளம்பரம் கொடுக்கும் முன் உங்கள் டைம் ஆபீஸில் இருப்பவருக்கு ஆறு மாதம் ஓர் உற்பத்தி லைனை ஒப்படைத்துப் பாருங்கள்.