செல்லப்பிள்ளையான முத்துப்பாண்டி

2024 ஏப்ரல் 20 அன்று ‘கில்லி’ மறுபடியும் திரைக்கு வந்தபோது, சங்ககிரியிலிருந்து நாலு பேர் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். படத்தைப் பார்த்தோம் என்று சொல்வதற்கில்லை. திரையில் வாய் திறக்கும் முன்பே தியேட்டர் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டது. எனக்கு அது பிடித்தே இருந்தது. முன்பின் தெரியாத 500 பேருக்கு ஒரே படம் மனப்பாடம் என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் விசில் விஜய்க்கு மட்டுமல்ல, வில்லன் முத்துப்பாண்டிக்கும் பறந்தது. கதைப்படி அவன் நாயகி தனலட்சுமியின் அண்ணன்களைக் கொன்றவன். வேண்டாம் என்று கதறும் பெண்ணைக் கல்யாணத்துக்கு இழுத்துப்போகிறவன். இருபது வருஷம் டிவியில் ஓடி, மீம்களில் உருண்டு, ‘செல்லம்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டான். அவனாக வரும் பிரகாஷ்ராஜின் நடிப்பை ரசிப்பதில் தப்பில்லை. அந்தப் பெண் நடுங்கும் காட்சியிலும் அரங்கம் சிரித்ததுதான் உறுத்தியது. ரசிகர்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தது படத்தை அல்ல, அதைப் பற்றித் தாங்கள் சேர்த்துவைத்த ஞாபகத்தை.

அதற்காகப் பழைய படங்களை மறுபடி வெளியிடும் வழக்கத்தையே தூற்றிவிட முடியாது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) அந்தக் கதிக்கு ஆளாகாமல், படமும் ஒலியும் டிஜிட்டலில் சீராக்கப்பட்டு 2012-இல் வந்து, சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. சிவாஜி ரசிகர்கள் வருவார்கள் என்று நம்பித்தான் அதில் பணம் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பின்தொடர்ந்தது.

பிரியம் கொஞ்சம் கூடிப்போனால் படத்தின்மேலேயே கைவைக்கிறது. 2002-இன் ‘பாபா’, 2022-இல் நீளம் குறைந்து, கிளைமாக்ஸ் மாறி வந்தது. அதிலாவது ரஜினியே ஈடுபட்டிருந்தார். 2025-இல் ‘அம்பிகாபதி’யின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, செத்த நாயகனைப் பிழைக்க வைத்தார்கள்; இயக்குநர் ஆனந்த் எல்.ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தும் படம் ஓடியது. அழவைத்ததால்தானே அந்தப் படம் மனதில் தங்கியது?

இன்னொரு குறை எங்கள் பக்கத்துக்கு நெருக்கமானது. முகத்துக்குத்தான் ரசிகர் மன்றம், கம்பெனிக்குக் கிடையாது. பக்கத்துத் திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) அவர்கள் எடுத்ததே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவர்களுடையதுதான். எம்.ஜி.ஆர். நடித்ததால் அதற்காவது ஆள் உண்டு. மற்றவற்றுக்கு யார் பால் ஊற்றுவது?

ஏற்காடு சாலையில் ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. போனமுறை அந்த வழியாகப் போனபோது, லாரியில் பாதி ஆயுசைக் கழித்த பெரியப்பா வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அலிபாபாவ மறுபடி போட்டா சொல்லு கண்ணு. பொம்பளைங்க டிக்கெட்டு உம்பெரியம்மாளுக்கு ஒண்ணு சேர்த்து எடுத்துரு” என்றார்.