உயரத்தை நம்பிய ஆட்டம்

வன்னிப் பாடசாலைகளில் வலைப்பந்தாட்ட அணி தெரிவு செய்யும் காலம் வந்தால் ஒரு பேச்சும் கூடவே வரும்: "எங்களுக்கும் ஒரு தர்ஜினி கிடைச்சால் போதும்." கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். உயரமான பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து வளையத்துக்குக் கீழே நிறுத்தினால் மிச்சம் தானாக நடக்கும் என்பது அந்தப் பேச்சின் சாரம். இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் கோல் சூட்டர் தர்ஜினி சிவலிங்கத்தின் விளையாட்டு வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் இதுதானென்றால், அந்த வாழ்க்கையை நாம் பாதிதான் பார்த்திருக்கிறோம்.

அவருடைய சாதனையைக் குறைத்துப் பேச இடமே இல்லை. யாழ்ப்பாணத்து ஈவினையிலிருந்து புறப்பட்டு, போர் முடிந்த அதே 2009இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தூணாக நின்றவர். ஒன்பது வருடம் கழித்து 2018இல் சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணில் 69–50 என்று வீழ்த்திய அணியிலும், 2022 இறுதிப் போட்டியில் 63–53 என்று வென்ற அணியிலும் அவர் இருந்தார். 2022 வெற்றி வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 2.08 மீற்றர் உயரம் பிறப்போடு வந்தது. எறிதலின் துல்லியம் பிறப்போடு வருவதில்லை. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் சிங்கப்பூருக்கு எதிராக 78 தடவை எறிந்து 76 கோல் போட்டார். அந்தக் கை வருடக்கணக்கான பயிற்சியால் பழகிய கை.

அதே ஆட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இலங்கை அன்று பெற்ற கோல்கள் 88. அவற்றில் 76 ஒருவருடையவை. மற்றவர்கள் எல்லோருக்கும் மிஞ்சியது 12. அந்த உலகக் கிண்ணத்திலேயே ஆகக் கூடுதலான கோல்களைப் போட்டவர் தர்ஜினி. அவருடைய அணி பிடித்த இடமோ 16 அணிகளில் 15ஆவது. இந்த இரண்டு தகவல்களையும் அருகருகே வைத்தால் உடனே ஒரு விளக்கம் சொல்லப்படும்: மற்ற ஆறு பேரும் அவருக்கு ஈடுகொடுக்கவில்லை. எனக்கு நெடுநாளாக உள்ள மறுப்பு இங்கேதான். அந்த ஆறு பேரையும் அப்படி ஆக்கியது ஒரே ஆளை நம்பிக் கட்டிய ஆட்டமுறைதான்.

அந்த முறை எப்படி வேலை செய்கிறது? சென்ரர் பந்தை எடுக்கிறார், விங் அற்றாக்கிடம் கொடுக்கிறார், அவர் 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்தின் விளிம்புக்கு வந்து தடுப்பாளர்களின் தலைக்கு மேலால் உயரமாக எறிகிறார். வளையத்தடியில் நிற்பவர் கையை நீட்டிப் பிடிக்கிறார், திரும்புகிறார், போடுகிறார். தடுப்பவர் 0.9 மீற்றர் விலகி நிற்கவேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியில் நின்று தர்ஜினியின் கையை எட்ட ஆசியாவில் எவராலும் முடியவில்லை. ஆனால் அவுஸ்திரேலியா போன்ற அணி வளையத்தடியில் மினக்கெடாது. எறிபவரின் முகத்துக்கு நேரே கையைத் தூக்கி நிற்கும். நடுப்பகுதியில் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளும். பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று விநாடிதான். அவசரத்தில் எறியும் உயரப் பந்து காற்றில் நெடுநேரம் நிற்கும், பின்னாலிருந்து ஓடிவந்து தட்டிவிட அந்த நேரம் தாராளம். இரணைமடுக் குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்காலை அடைத்துவிட்டால் வயல் காய்ந்துபோகும். பந்து வரும் வழி அப்படி அடைபடும்போது இன்னொரு வழி தெரிந்த ஆள் அணியில் இருக்கவேண்டும். கோல் போடும் உரிமை விதிப்படி இருவருக்கு உண்டு; நமது முறையில் கோல் அற்றாக், பந்து கொடுக்கும் இன்னொரு ஆளாகக் குறுகிப்போனார். எறிந்து பழகாதவரிடம் நெருக்கடியில் எறியச் சொல்வது நியாயமுமில்லை.

ஜமெய்க்காவைக் காட்டி இதற்குப் பதில் சொல்வார்கள். 1.98 மீற்றர் உயரமான ஜானியேல் ஃபௌலரை வளையத்தடியில் நிறுத்தித்தானே அந்நாடு 2022 பொதுநலவாய விளையாட்டு விழாவில் அவுஸ்திரேலியாவைக் குழு ஆட்டத்தில் 57–55 என்று வென்றது, இறுதியிலும் 51–55 வரை வந்தது? உண்மை. ஆனால் மறுமுனையில் எதிரணியின் பந்தைத் தட்டிப் பறிக்க ஷமீரா ஸ்ரேலிங் இருந்தார். ஃபௌலருக்குப் பக்கத்தில் ஓடி ஆடவும் தானே கோல் போடவும் ஷனிஸ் பெக்ஃபோர்ட் இருந்தார். அங்கே உயரம் பல வழிகளில் ஒன்று.

அவர்கள் சொல்லும் இரண்டாவது பதில் வறுமை. வசதியில்லாத நாடு கையில் உள்ளதை வைத்துத்தானே ஆடவேண்டும் என்கிறார்கள். மலாவி நம்மைவிட வறிய நாடு. வேகத்தையும் குறுகிய பந்துகளையும் எதிர்பாராத ஓட்டத்தையும் நம்பி ஆடி 2015, 2019 உலகக் கிண்ணங்கள் இரண்டிலும் ஆறாமிடம் பிடித்தது. றக்பியில் ஃபிஜியைப் பாருங்கள். மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் குறைவு. எழுவர் றக்பியின் ஒப்பற்ற வீரரான வைசாலே செரெவி ஆடிய காலத்தில் 1997, 2005 உலகக் கிண்ணங்களை வென்றது. அவர் போனபிறகு ரியோவிலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கமும் வென்றது. பந்தை வாங்கவும் கொடுக்கவும் ஓடவும் ஊருக்கு ஊர் பிள்ளைகள் பழகியிருந்ததால், செரெவியின் இடம் வெற்றிடமாகவில்லை.

நமது கிரவல் மைதானங்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. எட்டாம் ஆண்டில் சற்று வளர்ந்துவிட்ட பிள்ளை கோல் சூட்டர் ஆகிவிடுகிறாள். அதன்பிறகு அவள் மைதானத்தின் மற்ற இரண்டு பகுதிகளிலும் கால் வைப்பதில்லை. தடுக்கவோ ஓடி இடம்பிடிக்கவோ எவரும் கற்றுக்கொடுப்பதில்லை. தோழிகள் வருடக்கணக்காக ஒரே எறியை எறிகிறார்கள். வலயப் போட்டியில் கிண்ணம் கிடைக்கிறது, ஆகவே முறை சரி என்றாகிறது. அவள் சாதாரண தரப் பரீட்சையோடு விளையாட்டை விட்டால், அல்லது மாகாணப் போட்டியில் அவளைவிட உயரமான ஒருத்தி எதிரே வந்தால், அணியிடம் மாற்று வழி ஒன்றும் இல்லை. உயரமான பிள்ளை கிடைப்பது அதிர்ஷ்டம். வேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பயிற்சியில் பாதி நாளாவது தோளுக்கு மேல் பந்து எறியாமல் ஆடவைக்கலாம். அந்தப் பிள்ளையை ஒரு தவணை சென்ரராகவும் தடுப்பிலும் விடலாம். வளையத்தடியில் சின்னப் பிள்ளைகளுக்கும் எறியக் கொடுக்கலாம். இதனால் ஒரு வருடம் வலயக் கிண்ணம் கைநழுவினாலும், பொறுப்பாசிரியரிடம் கணக்குக் கேட்காத அதிபர்கள் நமக்கு வேண்டும்.