அரை மார்க்

மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகளைப் பார்க்கலாம் என்று போன ஜூன் மாதம் ஒரு நாள் கிளம்பிப் போனேன். நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்தது இந்த ஊரில்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். (அந்தப் போருக்கு ஒரு மார்க்குக்கு மேல் யாரும் கொடுத்ததில்லை.)

கல்வெட்டைவிட வெளியே டீக்கடையில் கேட்டதுதான் மனசில் தங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். நைட் ஷிப்ட் முடிந்த முகம். பெண் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 95. கட்-ஆஃப் 191.5. பக்கத்து வீட்டுப் பையனுக்கு 192.

"கெமிஸ்ட்ரில ஒரே ஒரு மார்க் சார். அதுல ஆயிரம் பேருக்குப் பின்னாடி போயிடுவாளாம்."

கணக்கு தெரியாதவர்களுக்கு: பொறியியலுக்குக் கணித மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதியாக, மொத்தம் 200. கட்-ஆஃபும் ஒன்றாகிவிட்டால் கணிதம் யாருக்கு அதிகம், இயற்பியல் யாருக்கு அதிகம் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. தேதியும் ஒன்றென்றால் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் நம்பர். யாருக்குப் பெரிய எண்ணோ அவர் முன்னால் போவார். கடைசிப் படியில் நம் தகுதித் தேர்வே குலுக்கலாகிவிடுகிறது என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். கேஜ் வைத்து உருப்படிகளை அளக்கிற வேலை. "கேஜே கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும் சார். அந்தத் தப்பைவிடச் சின்ன வித்தியாசத்தை வச்சு பீஸை ரிஜெக்ட் பண்ண மாட்டோம். பண்ணா ஆடிட்ல மாட்டிப்போம்."

இதைவிடச் சரியான விமர்சனத்தை எந்தக் கல்வியாளரும் எழுதி நான் படித்ததில்லை. ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்கிறார்கள். வருஷா வருஷம் சிலருக்கு மார்க் மாறுகிறது. அதாவது, கேஜ் ஒரு மார்க், இரண்டு மார்க் தப்புக் காட்டும் என்பது அரசுக்கே தெரியும். ஆனாலும் அரை மார்க்கில் பீஸை ரிஜெக்ட் செய்கிறோம்.

சரி, கேஜை மாற்றினால்? அதையும் பார்த்தாயிற்று. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று கணக்குப் போட்டார்கள். கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வசதி என்று சொல்லி 2005-06-ல் அ.தி.மு.க. அரசு எடுக்கப் பார்த்து உயர் நீதிமன்றத்தில் தோற்றது. பிறகு அனந்தகிருஷ்ணன் குழு அறிக்கையை வைத்து தி.மு.க. அரசு சட்டம் போட்டு, 2007-ல் ஒழித்தது. உடனே நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகள் கொழித்தன. ப்ளஸ் ஒன் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு வருஷமும் ப்ளஸ் டூவையே உருப்போட வைத்தார்கள். 200-க்கு 200 சர்வ சாதாரணமாயிற்று.

மருத்துவத்துக்கு 2017-ல் நீட். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. இரண்டும் ஒரே வருஷத்தில் ஒரே பெண் வாங்கிய மார்க். எது அவள்? அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள், செப்டம்பர் 1 அன்று அனிதா போய்விட்டாள்.

நீட் வந்த பிறகு, ஒரு வருஷம் இரண்டு வருஷம் கோச்சிங்கில் உட்கார்ந்து திரும்ப எழுதுகிறவர்கள் கூட்டம் பெருகியது. ஏ.கே. ராஜன் குழு அறிக்கைப்படி, மருத்துவம் சேர்ந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் 2016-17-ல் சுமார் 12 சதவீதம், 2020-21-ல் 71. இந்த எண்ணைச் சொல்லி நீட்டைத் திட்டுவது சுலபம். நானும் திட்டுகிறவன்தான். ஆனால் நீட் வருவதற்கு முன்னால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் நிரம்பி வழிந்தார்களா என்றால், இல்லை. விடுதிப் பள்ளிக்குப் பணம் கட்ட முடிந்தவன் அப்போது ஜெயித்தான், கோச்சிங்குக்குக் கட்ட முடிந்தவன் இப்போது ஜெயிக்கிறான். கொஞ்சமாவது நிலைமையை மாற்றியது 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அந்த வருஷமே அரசுப் பள்ளியிலிருந்து முந்நூறு பேருக்கு மேல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அதிலும் நீட் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே. ஒரே மாதிரி மண்ணில் விளைந்ததை ஒரே தராசில் நிறுத்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே குழப்பம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2020-ல் எஸ்.ஏ.டி. தேர்வு வேண்டாம் என்றது. எம்.ஐ.டி. நிறுத்தி வைத்துவிட்டு 2022-ல் திரும்பக் கொண்டுவந்தது. நல்ல பள்ளி வாய்க்காத கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தேர்வு மார்க் உதவுகிறது என்பது அவர்கள் வாதம். தள்ளிவிட முடியாத வாதம்தான். நெதர்லாந்தில் பல காலம் மருத்துவ இடங்களுக்குக் குலுக்கல் போட்டார்கள். நல்ல மார்க் இருந்தால் வாய்ப்பு அதிகம், ஆனால் கடைசியில் குலுக்கல்தான்.

சிரிக்காதீர்கள். மணிமங்கலத்திலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே கொஞ்ச தூரம் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், சபைக்கு வருகிறவனுக்கு நிலம் இவ்வளவு, வயது 35-க்கு மேல் 70-க்குள், படிப்பு இன்னது என்றெல்லாம் தகுதி எழுதியிருக்கிறது. தகுதி தேறியவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தத் தகுதியில் எத்தனை பேர் வெளியே நின்றிருப்பார்கள் என்பது வேறு கதை. ஆனால் தேறியவர்களுக்குள் 191.5 பெரிதா, 192 பெரிதா என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

இதை டீக்கடைக்காரர்வரை கேட்கும்படி சொல்லி முடித்தபோது, அப்பாவைத் தேடிக்கொண்டு அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். சைக்கிளில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"குடத்துல போட்டா எனக்குக் கிடைக்காமலும் போகலாம்ல, சார்?"

"போகலாம்மா."

"அப்ப பரவாயில்ல. நான் சரியாப் படிக்கலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல."

அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.