பேட்ச் வந்தது, கணினிக்குப் போய்ச் சேரவில்லை

2017 மே 12 வெள்ளிக்கிழமையன்று வான்னாக்ரை என்ற கணினிப் புழு ஒரே நாளில் உலகைச் சுற்றிவந்தது. யாரும் மின்னஞ்சலைத் திறக்கவில்லை, எந்தச் சுட்டியையும் சொடுக்கவில்லை. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்வதற்கென்று உள்ள எஸ்எம்பி என்ற பகுதியில் இருந்த ஓட்டை வழியாக அது கணினி விட்டுக் கணினி தாவியது. நுழைந்த இடத்தில் கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலருக்கு பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் 236 மருத்துவ நிர்வாகங்களில் 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 சிகிச்சைச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன. 2003இல் பிளாஸ்டர் புழு வந்தபோதும் இதுவே நடந்தது: ஜூலை 16இல் பேட்ச், ஆகஸ்ட் 11இல் புழு. 2008இல் கான்ஃபிக்கர்: அக்டோபர் 23இல் பேட்ச், அடுத்த மாதமே புழு. மூன்று முறையும் மருந்து முதலில் வந்தது, நோய் பிறகு வந்தது. ஆகவே ஆராய வேண்டியது புழுவை எழுதியவரின் திறமையை அல்ல. தயாரித்த நிறுவனம் பேட்ச் வெளியிடும், அதைப் போட்டுக்கொள்வது உரிமையாளர் பாடு என்ற நடைமுறையைத்தான் ஆராய வேண்டும்.

இந்த நடைமுறையின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் பேட்ச்களை மொத்தமாக வெளியிட்டுவருகிறது. அதற்கு முன் எப்போது வரும் என்று தெரியாமல் தவித்த கணினி நிர்வாகிகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆளை ஒதுக்கலாம், சோதனைக் கணினியில் போட்டுப் பார்க்கலாம், இரவில் நிறுவலாம். வீட்டுக் கணினிகளுக்கு அப்டேட் தானாகவே வந்துசேர்கிறது. மார்ச் பேட்ச் போட்டிருந்த கணினிக்குள் வான்னாக்ரையால் அந்த ஓட்டை வழியே நுழைய முடியவில்லை.

ஆனால் பேட்ச் வெளியாகும் நாள் எதிராளிக்கும் தகவல் கிடைக்கும் நாள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் எந்த வரி மாறியிருக்கிறது, ஓட்டை எங்கே இருந்தது என்பது விளங்கிவிடும். பிளாஸ்டருக்கு வழிவகுத்த தாக்குதல் நிரல் பேட்ச் வெளிவந்த அதே மாதத்திலேயே பொதுவெளிக்கு வந்துவிட்டது. அந்த நாளிலிருந்து ஒரு பந்தயம் தொடங்குகிறது. எதிராளிக்கு ஒரே ஒரு நிரல் எழுதினால் போதும். மருத்துவமனையோ ஆயிரக்கணக்கான கணினிகளைத் தேடித் தேடிச் சரிசெய்ய வேண்டும். அவற்றில் சில ஸ்கேன் இயந்திரத்துக்குள் இருக்கும். இயந்திரத்தைத் தயாரித்தவர் சம்மதிக்காமல் அதன் மென்பொருளைத் தொட முடியாது. ஒரு கணினி விடுபட்டாலும் ஆபத்துதான். 2017 ஜூன் 27இல் வந்த நாட்பெட்யா என்ற புழு, வான்னாக்ரை நுழைந்த அதே ஓட்டையையும் பயன்படுத்தியது. உள்ளே நுழைந்ததும் கடவுச்சொற்களைத் திருடி, பேட்ச் போட்ட கணினிகளுக்குள்ளும் புகுந்தது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் யாரையும் கேட்காமல் எல்லாக் கணினியிலும் பேட்ச்சைத் திணித்துவிட்டால் என்ன? இதை ஒருவர் செய்தே பார்த்தார். 2003 ஆகஸ்ட் 18இல் வெல்ச்சியா என்ற இன்னொரு புழு கிளம்பியது. பிளாஸ்டர் நுழைந்த அதே ஓட்டை வழியாக நுழைந்து, பிளாஸ்டரை அழித்து, மைக்ரோசாஃப்ட் பேட்ச்சை இறக்கி நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்தது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த கணினியைத் தேடி அது அனுப்பிய சோதனைச் செய்திகளின் வெள்ளத்தில் வலையமைப்புகள் திணறின; ஏர் கனடாவின் பயணிகள் பதிவு முடங்கியது. முறையான நிறுவனமே அவசரப்பட்டாலும் விளைவு மோசம்தான். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று தானாகவே பரவி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பேட்ச் போடத் தயங்கும் நிர்வாகியை நான் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

வான்னாக்ரையின் பழியில் அமெரிக்க அரசுக்கும் பெரும் பங்கு உண்டு. புழுவுக்குள் இருந்த எடர்னல்புளூ, அந்நாட்டுத் தேசியப் பாதுகாப்பு முகமை ஓட்டையை மறைத்துவைத்து உருவாக்கிய கருவி. ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு அதை ஏப்ரல் 14இல் இணையத்தில் கொட்டியது. மைக்ரோசாஃப்ட் தலைவர் பிராட் ஸ்மித் முகமையை வெளிப்படையாகவே சாடினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது அவருடைய நிறுவனத்தின் பொறுப்பை மறைத்துவிடக் கூடாது. விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளத்துக்கான ஆதரவு 2014இல் நின்றபின், தனிக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டும் பேட்ச் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்குமான எக்ஸ்பி பேட்ச் மே 13இல், புழு பரவிய மறுநாள்தான் வெளியானது.

எக்ஸ்பியை மட்டும் குறைசொல்வதும் சரியல்ல. என்எச்எஸ்ஸில் தொற்றிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு மார்ச்சிலேயே பேட்ச் கிடைத்தது. நிர்வாகங்களுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கையும் போனது. ஆனால் அதன்படி யார் செய்தார், யார் செய்யவில்லை என்று அறிய சுகாதாரத் துறையிடம் முறையான வழி எதுவும் இல்லை என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் பதிவுசெய்திருக்கிறது. தாக்குதலுக்கு முன் கணினிப் பாதுகாப்பு குறித்து நேரில் ஆய்வுசெய்யப்பட்ட 88 நிர்வாகங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்று புழு அடங்கியதும் எந்த அமைப்பாலும் அல்ல. அதன் நிரலுக்குள் இருந்த ஓர் இணைய முகவரியை மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் பதிவுசெய்தார், பரவல் நின்றது.

என் தீர்ப்பு இதுதான்: பேட்ச் எழுதும் கலை முன்னேறியிருக்கிறது, அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை யாரும் முழுதாக ஏற்கவில்லை. புழுவாகப் பரவக்கூடிய ஓட்டைக்கான பேட்ச் காலாவதியான இயங்குதளத்துக்கும் இலவசமாக, முதல் நாளே கிடைக்க வேண்டும். அது முடியாத காரியமல்ல. 2019 மே 14இல் புளூகீப் என்ற விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அப்படித்தான் செய்தது, எக்ஸ்பிக்கும் உடனே பேட்ச் தந்தது. வான்னாக்ரை போன்ற ஒரு புழு அந்த ஓட்டை வழியாக வரவில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. மருத்துவமனையோ, வங்கியோ, அரசு அலுவலகமோ நடத்துபவர்கள் எத்தனை கணினியில் அது இன்னும் ஓடுகிறது என்று எண்ணிப் பட்டியல் எடுங்கள். அதைச் சரிசெய்யும் நிர்வாகிக்கு ஆளும் நேரமும் பணமும் கொடுங்கள்.