ஆறு இரவுகள், ஒரே நிலவறை

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஏழாவது அவென்யூ தெற்கு 178ஆம் எண் வாசலில் படியிறங்கினால் ஆப்பு வடிவில் ஒரு நிலவறை. அதன் குறுகிய முனையில் மேடை. 123 பேருக்கு மேல் உள்ளே விட விதி இடம் தராது. சாப்பாடு கிடையாது, ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும். சமையலறை என்று இன்னும் அழைக்கப்படும் இடத்தில் இப்போது அடுப்பில்லை. அதுதான் அலுவலகம், இசைக் கலைஞர்கள் இளைப்பாறும் அறையும் அதுவே. வில்லேஜ் வான்கார்ட் என்னும் இந்த ஜாஸ் கூடம் 1935 பிப்ரவரியிலிருந்து இதே முகவரியில் நடந்துவருகிறது.

இங்கே நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் முறை விசித்திரமானது. செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஆறு இரவும் ஒரே குழு, இரவுக்கு இரண்டு அமர்வுகள். திங்களன்று மட்டும் கூடத்தின் சொந்தப் பெருங்குழு வாசிக்கும். ஓர் ஊரில் ஓரிரவு பாடிவிட்டு மறுநாள் அடுத்த ஊருக்கு வண்டியேறுவதே இன்றைய மேடை வணிகத்தின் வழக்கம். இப்படிப்பட்ட காலத்தில் ஒரு வாரத்துக்கு ஒரே பெயரை வாசலில் தொங்கவிடுவது துணிச்சலா பிடிவாதமா? இரண்டுக்கும் சான்று இருக்கிறது.

கூடத்தைத் தொடங்கிய மேக்ஸ் கார்டனுக்கு ஜாஸ் வெறியெல்லாம் இருந்ததில்லை. ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லாந்தில் வளர்ந்து, 1926இல் சட்டம் படிக்க நியூயார்க் வந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். 1934இல் வேறொரு தெருவில் தொடங்கிய முதல் கூடத்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. இரண்டு கழிப்பறை, இரண்டு வாசல், வழிபாட்டு இடத்திலிருந்து இருநூறடித் தொலைவு என்ற நிபந்தனைகளை அந்த இடம் நிறைவேற்றவில்லை. அதனால்தான் இந்த நிலவறைக்கு வந்தார். முதலில் கவிஞர்கள் வந்து கவிதை வாசித்தார்கள். பிறகு ஜூடி ஹாலிடே இடம்பெற்ற ரெவ்யூவர்ஸ் நகைச்சுவைக் குழு. 1941இல் லெட் பெல்லியும் ஜாஷ் வைட்டும் நாட்டார் பாடல்களும் புளூஸும் பாடினார்கள். தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களை இழுத்துக்கொண்டதும், 1957இல் முழுநேர ஜாஸுக்கு மாறினார் கார்டன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இருபத்திரண்டு ஆண்டுகள் பாய்மரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்த மனிதர் அவர். இன்று அவரைக் கொள்கைப் பிடிப்புள்ள ஜாஸ் காவலராக மட்டும் சித்திரிப்பது அவருக்குச் செய்யும் சிறு அநீதி.

ஆறு இரவு முறையின் பலத்துக்குச் சாட்சி ஒலிப்பதிவுகள். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு அங்கே வாசித்த இரண்டு வாரங்களின் கடைசி நாள் அது. பிற்பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகள் பதிவாயின. பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் மூன்றும் சமமாக உரையாடும் அந்த வாசிப்பு, ஒரே மேடையில் நாள் கணக்கில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு மட்டும் வரக்கூடியது. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினொரு நாள் கழித்து, 25 வயதில் கார் விபத்தில் இறந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தவறியிருந்தால் அந்த மூவர் குழுவின் உச்சம் உலகுக்குக் கிடைத்திருக்காது.

அதே ஆண்டு நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். பதிவான நான்கு இரவுகளிலும் ‘இந்தியா’ என்ற தம் ஆக்கத்தை வாசித்தார். ரவிசங்கரின் இசையில் தோய்ந்திருந்த காலம் அது. சில ஆண்டுகளில் தம் மகனுக்கும் ரவி என்றே பெயர் வைத்தார். கீழே ஒரே சுருதி நிலைத்து நிற்க, மேலே சாக்ஸபோன் அலைந்து திரியும் அந்த இசைக்கு இரண்டு பாஸ்காரர்களைச் சேர்த்தார். காற்றுக் கருவிக் கலைஞர் எரிக் டால்ஃபியை அழைத்தார். நரம்புக் கருவி ஒன்றையும் முயன்று பார்த்தார். முதல் இரவில் சரிப்பட்டு வராததை மூன்றாம் இரவில் திருத்தலாம். ஓரிரவுக் கச்சேரிக்காரர் நிரூபித்துக் காட்ட வேண்டும். வாரம் கிடைத்தவர் தேடிப் பார்க்கலாம். கோல்ட்ரேன் தேடினார். அந்த நாட்களின் பதிவுகள் 1997இல் நான்கு குறுந்தகடுகளாக வெளிவந்தபோது, ஒரே ஆக்கம் இரவுக்கிரவு எப்படி மாறுகிறது என்பதைக் கேட்க முடிந்தது.

இனி கணக்குக்கு வருவோம். இரவுக்கு இரண்டு அமர்வு, ஆறு இரவு, ஒவ்வொன்றும் 123 இருக்கை. எல்லாம் நிரம்பினாலும் வாரத்துக்கு 1,476 பேர். அதே நகரத்துக் கார்னகி ஹாலின் பெரிய அரங்கில் ஒரே மாலையில் சுமார் 2,800 பேர் உட்காரலாம். அதாவது பன்னிரண்டு அமர்வுகள் வாசித்தும், அங்கே ஓர் இரவில் கூடக்கூடிய கூட்டத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் எட்ட முடியும். வான்கார்டின் நெருக்கத்தைப் போற்றி எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அறை சிறியதாக இருப்பதன் இன்பம் ரசிகருக்கு. அதன் விலையில் ஒரு பங்கு கலைஞர் தலையில்.

திங்கட்கிழமைக் குழுவின் கதை இன்னும் கூர்மையானது. 1966 பிப்ரவரியில் தேட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் அதைத் தொடங்கியபோது, பகலில் ஸ்டூடியோக்களில் விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வாசித்துப் பிழைத்தவர்களே அதில் இருந்தார்கள். கைத்தொழில் மழுங்காமல் இருக்க, மனசுக்குப் பிடித்ததை வாசிக்க, திங்கள் இரவு அவர்களுக்கு ஒரு வடிகால். பதினாறு பதினெட்டுப் பேர் மேடையில்; எதிரே அறை நிரம்பினால் 123 பேர். ஏழெட்டு ரசிகர்களின் பணத்தில் ஒரு கலைஞருக்குச் சம்பளம் என்றால் தொகை எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பகல் வேலை இருந்தவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சின்தசைசர் வந்து ஸ்டூடியோ வேலை சுருங்கியதும் அந்த ஏற்பாட்டின் அடித்தளம் ஆட்டம் கண்டது. வான்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் குழு இன்றும் வாசிக்கிறது. லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்து கொண்டது தற்செயலன்று.

அடுத்தது, யாருக்கு அந்த வாரம் கிடைக்கிறது என்ற கேள்வி. கூடம் குடும்பத் தொழில். 1989இல் மேக்ஸ் கார்டன் இறந்ததும் மனைவி லொரைன் பொறுப்பேற்றார். 2018இல் 95 வயதில் அவரும் மறைந்தபின் மகள் டெபோரா நடத்துகிறார். குழு போட்டு முடிவெடுக்கும் நிறுவனங்களிடம் இல்லாத ஓர் அழுத்தமான ரசனை இதில் உண்டு. 1948இலேயே, அப்போது புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயனின் மனைவியாக இருந்த லொரைன், பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கை வாசிக்க வைக்கும்படி மேக்ஸை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார். கூட்டம் வரவில்லை. இன்று எந்த நிர்வாகக் குழுவும் அப்படி ஒரு நஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடாது. ஆனால் ஒரே காதை நம்பும்போது அந்தக் காதின் குறைகளும் சேர்ந்தே வரும். வில்லேஜ் வான்கார்டில் பதிவான இசைத்தட்டுகள் நூற்றுக்கும் மேல். அவற்றில் பெண்கள் தலைமை தாங்கியவை மிகக் குறைவு. 1970இல் பெட்டி கார்ட்டர் பாடியது, 2023இல் வெளியான கிரிஸ் டேவிஸின் பதிவு என்று இரண்டைச் சொன்னபின் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜாஸ் உலகமே ஆண்கள் உலகம்தானே என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் வாசலில் நின்று ஆளைத் தேர்ந்தவர் முப்பது ஆண்டுகள் ஒரு பெண் என்பதால் அந்தச் சமாதானம் முழுதாகச் செரிக்கவில்லை. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் போன்றோருக்கு அங்கே வாரங்கள் கிடைத்திருக்கின்றன. கதவு புதியவர்களுக்கு அடைத்தே கிடக்கிறது என்று சொல்ல முடியாது; மெதுவாகத் திறக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய குறை வேறு இடத்தில். எவன்ஸின் 1961 பதிவைக் காதொலிப்பானில் கேட்டால் கோப்பைகள் உரசுவதும் யாரோ சிரிப்பதும் பின்மேசைப் பேச்சும் தெளிவாகக் கேட்கின்றன. எதிரே நடப்பது வரலாறு என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. தெரியாததால் கலைஞருக்கும் நிம்மதி. இன்று நிகழ்ச்சியின்போது படமெடுக்கவோ பதிவுசெய்யவோ கூடாது. பேசினால் பக்கத்து மேசை முறைக்கும். கேட்பதற்கு இது நல்லது, மறுக்க முடியாது. ஆனால் படியிறங்கி வருபவரில் பலர், சுவரில் தொங்கும் படங்களிலுள்ளவர்களின் அறையில் உட்கார வந்தவர்கள். மேடையில் இருப்பவருக்கும் அது தெரியும். டிரம்பெட் கலைஞர் வின்டன் மர்சாலிஸ் 1999இல் இந்த அறையின் பெயரில் ஏழு குறுந்தகடுகளை ஒரே பெட்டியாக வெளியிட்டார். இசை சிறப்பானதுதான். ஆனால் சோதனைக் கூடமாக இருந்த இடம் பட்டமளிப்பு மேடையாக மாறியதையும் அந்தப் பெட்டி காட்டுகிறது. 1957 வரை ஓயாமல் மாறிய கூடம், அதற்குப்பின் மாறாமையையே மூலதனமாக்கிக்கொண்டது.

மாறாமல் இருந்ததால்தான் பிழைத்தது என்பதும் பொய்யல்ல. நியூயார்க்கின் மற்ற ஜாஸ் கூடங்களில் பேர்ட்லேண்ட் 1965இல் மூடியது. ஃபைவ் ஸ்பாட் 1967இல். வில்லேஜ் கேட் 1990களில். பங்க் இசையின் தாய்வீடான சிபிஜிபி, வாடகைத் தகராறில் 2006 அக்டோபரில் பாட்டி ஸ்மித்தின் கச்சேரியோடு மூடப்பட்டு, பிறகு ஆடம்பரத் துணிக்கடையானது. வான்கார்ட் 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கதவடைத்தது. காலி அறையிலிருந்து இணையத்தில் கச்சேரிகளை ஒளிபரப்பிக் காலம் தள்ளி, 2021 செப்டம்பரில் மீண்டும் திறந்தது.

இதன் குறைகளுக்கு மாற்று உண்டா என்று பார்க்க, சிறிது தூரம் கிழக்கே போனால் போதும். சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஸோர்ன் 2005இல் அவென்யூ சியில் தொடங்கிய ‘தி ஸ்டோன்’ கூடத்தில் மது இல்லை, தின்பண்டம் இல்லை. நுழைவுக் கட்டணம் முழுவதும் வாசிப்பவருக்கே. யார் வாசிப்பது என்பதையும் மாதத்துக்கு ஒருவராகக் கலைஞர்களே தேர்ந்தார்கள். பிறகு ஸ்டோனும் வார ஏற்பாட்டுக்கு மாறியது; ஒரு கலைஞருக்குத் தொடர்ந்து பல இரவுகள் தருவதில் வான்கார்டின் வழி சரி என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் பானம் விற்காத அறையால் வாடகையைத் தானே கட்ட முடியாது. ஸ்டோன் நன்கொடைகளில் ஓடியது; 2018இல் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தின் கட்டடத்துக்குள் குடியேறியது. வான்கார்டில் கலைஞரின் பங்கு குறைவு, ஆனால் பல்கலைக்கழகத்தின் நிழல் இல்லாமல், நுழைவுச்சீட்டும் பானமும் விற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாடகை கட்டிவந்திருக்கிறார்கள்.