நெல்லும் கடல்நீரும்: கொச்சிக் கலைவிழாவில் கண்ட இரு படைப்புகள்

தஞ்சை சிவகங்கைப் பூங்காவை அடுத்து, 1779-இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயத்திலுள்ள சலவைக்கல் சிற்பத்தை நம்மில் பலர் அறிவோம். மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் கரத்தைச் சரபோஜி மன்னர் பற்றியிருக்கும் காட்சி அது. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. அதில் இருப்பவர் யார், நிகழ்வது என்ன என்பதில் ஐயமில்லை. இத்தகைய கலைக்குப் பழகிய போதகர் இக்காலக் கலைக்காட்சிக்குள் நுழைந்தால், “படம் எங்கே?” என்றுதான் முதலில் கேட்பார். நானும் அவ்வாறே கேட்டேன்.

கொச்சி-முசிறிஸ் கலைவிழா முதன்முறையாக 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிற்று. கோட்டைக் கொச்சியின் பழைய வணிக வளாகமாகிய ஆஸ்பின்வால் மாளிகையில், அமர் கன்வரின் ‘தன்னுரிமைக் காடு’ என்று பொருள்படும் படைப்பு வைக்கப்பட்டிருந்தது. ஒடிசா விவசாயி நடபர் சாரங்கி பேணிய 250-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்வகைகள் அங்கே வரிசையாக இருந்தன. பொன்னிறம், கருமை, செம்மை என அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டன. சுரங்கத்திற்கும் தொழிற்சாலைக்கும் பறிபோகவிருந்த நிலங்களைக் காட்டும் திரைப்படம் ஒன்றும் ஓடிற்று. எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துப் போராடி, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கண்ட காவிரிப் படுகையினருக்கு அது அந்நிய தேசத்துக் கதையன்று.

நெல்லைக் கண்டவுடன் என் உள்ளம் யோவான் 12:24-க்குத் தாவிற்று. பிரசங்கத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததென மகிழ்ந்தேன். அங்கேதான் தவறினேன். அந்த நெல் வேறொரு சத்தியத்தை விளக்க வந்த உவமையன்று. ஒரு மண்ணும் அதன் மக்களும் இழக்கவிருப்பவற்றின் சாட்சியம். எடுத்துக்காட்டைப் பயன்படுத்திவிட்டு நாம் கடந்துபோகலாம். சாட்சியத்தைக் கேட்டவனோ அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

இதனை இன்னும் கடுமையாக உணர்த்தியது 2016-17 விழாவில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிட்டா அமைத்த ‘வேதனையின் கடல்’. 1973-இல் அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கப்பலில் சிறைவைக்கப்பட்டவர் அவர். 2015 செப்டம்பரில் கரையொதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே கண்டு அழுதது. அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப்பை உலகம் அறியவில்லை. அந்தக் காலிப்புக்காகவே கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பினார் சுரிட்டா. சுவர்களில் சில வினாக்கள் மட்டுமே இருந்தன. மறுமுனையிலுள்ள கவிதையை வாசிக்க விரும்புவோர் நீரில் இறங்கி நடந்தாக வேண்டும். உலர்ந்த பாதங்களோடு எவரும் அதனைக் கிட்ட நின்று வாசிக்க இயலாது.

கலை என்ற முறையில் இவ்விரண்டில் சுரிட்டாவின் படைப்பே முழுமையானது என்பது என் கருத்து. காண்பவனை அது வெறும் பார்வையாளனாக நிற்க விடவில்லை. கன்வரின் கூடத்திலோ கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, வியந்து, வெளியேற முடிந்தது. மேலும், காட்சிக்கு வைத்த விதை, நாளாக ஆக முளைக்கும் திறனை இழக்கும். கன்வர் தம் பணியை நேர்மையோடு செய்தார் என்பதில் ஐயமில்லை. எனினும் விதை வேண்டுவது நிலத்தையே.

அந்த நிலத்தை நம் திருத்துறைப்பூண்டியில் காண்கிறோம். 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்வகைகளை மீட்டார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெறும் உழவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இவ்விதமாகவே மீண்டும் வயலேறின. கன்வரின் கூடத்தில் நான் தராமல் வந்த பதில் இத்தகையதாகவே இருந்திருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் நாம் பிரசங்க பீடத்தில் வைப்பது காட்சி நெல்லா, விதைநெல்லா? நம் சபையார் உலர்ந்த பாதங்களோடு வந்து உலர்ந்த பாதங்களோடே வீடு திரும்புகிறார்களா? இறையியல் மாணவர் இக்காலக் கலைக்காட்சிகளுக்குச் செல்வது நன்று. படம் தேடி அன்று, இவ்வினாக்களை எதிர்கொள்வதற்காக.